மாற்று ரவுட்டர் திரும்பிப் போனது, பணம் வரவில்லை: ஒரு நிகழ்வு ஆய்வு

பார்சல் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கூரியர் ரசீதும் கையில் இருக்கிறது. ஆனாலும் அடுத்த பில்லில் ரவுட்டர் விலை அப்படியே நின்றது. போதாததற்கு ‘ஒப்படைக்கப்படாத கருவிக்கான கட்டணம்’ என்று புதிதாக ஒரு வரியும் முளைத்திருந்தது. தேவைப்படாத மாற்று ரவுட்டரைத் திருப்பி அனுப்பியவர்கள் பலர் வந்து நிற்கும் இடம் இது. இதை நிறுவனம் ஏமாற்றியதாகவே நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் ஏமாற்று எதுவும் நடந்திருக்காது. ஒரு லேபிள் இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஒரு ஃபைபர் இணைப்பு. ஒளியை வாங்கும் ஓஎன்டியும் வைஃபை ரவுட்டரும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் வகை. இந்த வகையில் பல வீடுகளில் ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகளை ஒரே வீட்டின் நாள்வரிசையாகக் கோத்திருக்கிறோம். ஊரும் நிறுவனமும் தொகையும் இதில் முக்கியமில்லை.

நாள் 1 முதல் 4 வரை

புகார் இது: மாலை 7 மணிக்கு மேல் இணைப்பு போகும், இரண்டு மூன்று நிமிடத்தில் தானே திரும்பி வரும், ஓர் இரவில் நான்கைந்து முறை இப்படி ஆகும். பகலில் தொந்தரவு இல்லை. கஸ்டமர் கேரில் தொலைவிலிருந்தே லைனைச் சோதித்தார்கள். ரவுட்டருக்கு வந்து சேரும் ஒளியின் அளவு மைனஸ் 21 டிபிஎம் (ஒளியின் வலிமையை அளக்கும் அலகு). வீடுகளில் பரவலாக உள்ள ஜிபான் என்ற ஃபைபர் முறையின் பி பிளஸ் வகையில் மைனஸ் 8 முதல் மைனஸ் 27 வரை ஏற்கத்தக்கது என்பதால், லைன் நன்றாகத்தான் இருந்தது. லைன் நன்றாக இருந்தால் கோளாறு ரவுட்டரில்தான் என்று முடிவு கட்டினார்கள். உத்தரவாதக் காலம் முடிந்திருந்ததால் மாற்று ரவுட்டருக்கு விலை உண்டு, அது அடுத்த பில்லில் ஏறும் என்றார்கள். வீட்டுக்காரர் சம்மதித்தார். நான்காம் நாள் பார்சல் வந்தது.

முதல் சறுக்கல் இங்கேதான். லைனுக்கும் ரவுட்டருக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று உண்டு: பவர் அடாப்டர். தொலைவிலிருந்து சோதிப்பவருக்கு அது தெரியாது. ரவுட்டர் அணைந்து எழுந்ததா, லைன் அறுந்து சேர்ந்ததா என்பதை வீட்டிலேயே ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, சரியான முகவரி அடியில் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும்) இரண்டு கடிகாரங்கள் ஓடும். ஒன்று கருவி எவ்வளவு நேரமாக இயங்குகிறது என்பதைக் காட்டும். மற்றது இணைப்பு எவ்வளவு நேரமாக இருக்கிறது என்பதைக் காட்டும். கருவியின் நேரம் பல நாள்களைக் காட்ட, இணைப்பின் நேரம் மட்டும் சில நிமிடங்கள் என்றிருந்தால் குற்றம் லைனிலோ அதற்கு மேலோ. இரண்டுமே சில நிமிடங்கள்தான் என்றால் கருவியே அணைந்து எழுந்திருக்கிறது.

ரவுட்டர் தன் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் பதிவேட்டிலும் (லாக்) ஓர் அடையாளம் உண்டு. ரவுட்டர்களில் பெரும்பாலும் தனிக் கடிகார பேட்டரி கிடையாது. அதனால் எழுந்தவுடன் பல கருவிகள் 1970 ஜனவரி 1 என்றே தேதி போட்டுக்கொள்ளும். இணையத்திலிருந்து நேரம் கிடைத்த பிறகே சரியான தேதிக்கு வரும். பதிவேட்டில் 1970 வரிகள் கொத்துக் கொத்தாக வந்தால் அத்தனை முறை மின்சாரம் விட்டுப் போயிருக்கிறது, அல்லது கருவி தானே மறுதொடக்கம் ஆகியிருக்கிறது. இந்த வீட்டில் அந்தப் பக்கத்தை யாரும் திறந்து பார்க்கவில்லை.

நாள் 4 முதல் 6 வரை: பெட்டி மாறியது, அடாப்டர் மாறவில்லை

பழைய அடாப்டர் அலமாரிக்குப் பின்னால் இருந்தது. அதைப் பிடுங்குவது சிரமம். புதிய ரவுட்டரின் துளையும் அதே அளவாக இருந்ததால், பழைய அடாப்டரின் முனையையே செருகிவிட்டார்கள். நிறுவனத்தின் ஆப்பில் புதிய சீரியல் நம்பரை ஏற்றினார்கள், பான் விளக்கு (ஃபைபரில் கருவி பதிவானதைக் காட்டுவது) நிலையாக எரிந்தது, இணைப்பு வந்தது. மறுநாள் இரவு மறுபடியும் அதே மறுதொடக்கம்.

‘புதுசும் பழுது’ என்று இன்னொரு மாற்றுக் கேட்டிருந்தால் சிக்கல் இரட்டிப்பாகியிருக்கும். நல்லவேளை, ஆறாம் நாள் பெட்டியோடு வந்த புதிய அடாப்டரை எடுத்துப் போட்டார்கள். கோளாறு நின்றது. அதே புதிய அடாப்டரைப் பழைய ரவுட்டரில் போட்டு விளக்குகளையும் வைஃபையையும் மட்டும் ஓர் இரவு முழுக்கக் கவனித்தார்கள் (அதன் இணைப்பு அதற்குள் துண்டிக்கப்பட்டிருந்தது). ஒருமுறைகூட அணையவில்லை. பழைய ரவுட்டர், பழைய அடாப்டர்: அணைகிறது. புதிய ரவுட்டர், பழைய அடாப்டர்: அணைகிறது. பழைய ரவுட்டர், புதிய அடாப்டர்: அணையவில்லை. இதற்குமேல் சாட்சி வேண்டாம்.

இது ஏன் மாலையில் மட்டும் நடந்தது? ஸ்டிக்கரில் 12 வோல்ட், 1.5 ஆம்பியர் என்றிருக்கும் அடாப்டர் 18 வாட் வரை தர வேண்டும். உள்ளிருக்கும் மின்தேக்கி நாள்பட்ட சூட்டில் உலர உலர, அது தாங்கும் சுமை குறைந்துகொண்டே போகும். பகலில் ரவுட்டர் கொஞ்சமாகத்தான் இழுக்கும். மாலையில் எல்லாக் கருவிகளும் சேர்ந்து இரண்டு அலைவரிசைகளிலும் வைஃபை மும்முரமாகும்போது இழுவை ஏறும், வோல்டேஜ் ஒரு கணம் சரியும், ரவுட்டர் அணையும். மல்டிமீட்டரைச் சும்மா முனையில் வைத்துப் பார்த்து ‘12 வோல்ட் வருதே’ என்பதில் பயனில்லை. சுமை இல்லாதபோது சாகப்போகும் அடாப்டரும் 12 காட்டும்.

வீட்டில் வேறு அடாப்டர் இருந்தால் சோதனைக்குப் பயன்படுத்தலாம். வோல்டேஜ் அதே அளவாக இருக்க வேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. நடுமுனை பிளஸ் என்ற குறி இரண்டிலும் பொருந்த வேண்டும். முனையின் வெளிவிட்டம் 5.5 மில்லிமீட்டர் என்று பார்த்தால் மட்டும் போதாது, உள்துளையில் 2.1, 2.5 என இரண்டு அளவுகள் உண்டு. 2.5 துளை உள்ள முனை 2.1 ஊசியில் தாராளமாக ஏறும், ஆனால் தளர்வாக நிற்கும். ரவுட்டரை லேசாகத் தொட்டாலே அணையும் வீடுகளில் காரணம் பலமுறை இதுதான்.

ஆக, தேவைப்பட்டது ஓர் அடாப்டர். வந்திருப்பதோ ஒரு முழு ரவுட்டர், அதன் விலையும் பில்லில் ஏறப்போகிறது. திருப்பிவிடுவது என்று முடிவானது. முடிவு சரிதான்.

கணினி எதிர்பார்ப்பது எதை?

மாற்று ரவுட்டர் அனுப்பும்போது நிறுவனத்தின் கணினியில் பெரும்பாலும் மூன்று வேலைகள் ஒன்றாகத் தொடங்கும். புதிய சீரியல் நம்பர் வாடிக்கையாளர் பெயரில் ஏறும். அதன் விலை பில்லுக்குப் போகும். பழைய சீரியல் நம்பர் மீது ‘திரும்பி வர வேண்டியது’ என்ற மீட்பு ஆணை பிறக்கும். பெட்டிக்குள் வரும் முன்கட்டணம் செலுத்திய லேபிள் இந்த மூன்றாவது வேலைக்கானது. அதில் உள்ள பார்கோடு பழைய ரவுட்டரோடு கட்டப்பட்டது. தாளில் ‘திருப்பி அனுப்ப இந்த லேபிளை ஒட்டவும்’ என்று மட்டும் அச்சிட்டிருந்தால், எதைத் திருப்பி அனுப்ப என்று யாருக்கும் கேட்கத் தோன்றாது.

இந்த வீட்டிலும் தோன்றவில்லை. ஏழாம் நாள் கஸ்டமர் கேரை அழைத்து ‘வேண்டாம், திருப்பி அனுப்புகிறோம்’ என்றார்கள். மறுமுனையில் ‘பெட்டியிலேயே லேபிள் இருக்கும், ஒட்டி அனுப்பிவிடுங்கள்’ என்றார்கள். பேசியவர் தனக்குத் தெரிந்த வழக்கமான நடைமுறையைச் சொன்னார். வாடிக்கையாளர் தன் நிலைமைக்கான பதில் என்று அதை எடுத்துக்கொண்டார். புதிய ரவுட்டர், பழையதற்கான லேபிளோடு, பத்தாம் நாள் கிளம்பியது.

கிடங்கில் பார்கோடை வருடினால் கணினி பழைய சீரியல் நம்பரைக் கேட்கிறது. பெட்டிக்குள் இருப்பதோ புதியது. பொருந்தாத பொருள் ஓரமாக ஒரு தட்டில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். யாராவது கேட்கும்வரை அது அங்கேயே இருக்கும். மீட்பு ஆணை நிறைவேறாததால் பழைய ரவுட்டருக்கு அபராதக் கட்டணம் பிறக்கிறது. புதியதற்குத் திருப்புகை ஆணையே (அது திரும்பி வருகிறது என்ற பதிவு) இல்லாததால் விலையைக் கழிக்க எந்த ஆவணமும் கிடையாது. 19ஆம் நாள் பில்லில் வந்த இரண்டு வரிகளுக்கும் இதுதான் மூலம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டும் என்பார்கள். இங்கே சாமி கஸ்டமர் கேர், பூசாரி பில்லிங், இருவருக்கும் நடுவில் ஒரு கிடங்கு.

தொடக்கத்திலேயே கேட்டிருக்க வேண்டியது மூன்று. புதிய சீரியல் நம்பருக்குத் தனியாக ஒரு திருப்புகை எண். பழையதன் மீதுள்ள மீட்பு ஆணையின் ரத்து. பழைய ரவுட்டரை மறுபடி லைனில் ஏற்றுவது. மூன்றையும் ஒரே அழைப்பில் கேட்கலாம். ஆனால் மூன்றுக்கும் தனித்தனிப் புகார் எண்ணோ மின்னஞ்சல் உறுதியோ வாங்க வேண்டும். ‘எல்லாம் போட்டுவிட்டேன்’ என்பதை நம்பி வைக்கக் கூடாது.

பழையதை முதலில் உயிர்ப்பித்தல்

இதில் வரிசை தவறினால் வீட்டில் இணைப்பே இருக்காது. ஃபைபர் இணைப்பில் எதிர்முனையில் உள்ள நிறுவனத்தின் கருவியான ஓஎல்டி, பதிவு செய்யப்பட்ட கருவியை மட்டுமே ஏற்கும். புதியதைச் செயல்படுத்திய நொடியில் பழையது பதிவிலிருந்து போய்விடுகிறது. எனவே பழையதை மறுபடி ஏற்றச் சொல்லி, அது வேலை செய்வதைப் பார்த்த பிறகே புதியதைப் பெட்டியில் வைக்க வேண்டும்.

கேட்கும்போது எந்த எண் என்பதில் கவனம் வேண்டும். ஸ்டிக்கரில் மூன்று எண்கள் இருக்கும். கருவியின் சீரியல் நம்பர் ஒன்று. நான்கு எழுத்தில் தயாரிப்பாளர் குறியும் அதன்பின் எட்டு இலக்கமும் கொண்ட ஜிபான் எண் இன்னொன்று. 12 இலக்க மேக் முகவரி மூன்றாவது. லைனில் ஏற்றுபவருக்குப் பொதுவாக ஜிபான் எண் வேண்டும், கிடங்குக்கும் பில்லிங்குக்கும் சீரியல் நம்பர் வேண்டும். தொலைபேசியில் படித்துச் சொல்லும்போது பூஜ்யமும் ‘ஓ’ எழுத்தும் குழம்பும், எட்டும் ‘பி’யும் குழம்பும். மேக் முகவரியில் ‘ஓ’ வரவே வராது; அது பதினாறு அடிமான எண், ஏ முதல் எஃப் வரைதான் எழுத்து. சீரியல் நம்பரில் அந்த உறுதி இல்லை. ஸ்டிக்கரைப் படமெடுத்து அனுப்புவதே மேல்.

ஃபைபர் கம்பியைக் கழற்றும்போது அதன் பச்சை முனையைத் தொடாமல், மூடி போட்டு வைக்க வேண்டும். பச்சை நிறம் என்றால் முனை 8 டிகிரி சாய்வாக வெட்டப்பட்டது. நீல முனைக்கான இடத்தில் அதைச் செருகினால் ஒளி வீணாகும், முனையும் பழுதாகும். முனைக்குள் கண் வைத்துப் பார்ப்பது ஆபத்து. உள்ளே வருவது அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது.

பழையதில் செருகியதும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வரவில்லை. கம்பி சரியாக அமர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பான் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தால் ஒளி வருகிறது, பதிவு ஆகவில்லை. அது நிறுவனத்தின் வேலை, வீட்டில் எத்தனை முறை ரீசெட் அழுத்தினாலும் தீராது. பான் நிலையாக எரிந்தும் இணையம் இல்லையென்றால் பயனர் பெயர், கடவுச்சொல் பக்கம் போகலாம். ரவுட்டரில் லேண்ட்லைன் செருகியிருந்தால் அதிலும் டயல் ஒலி வருகிறதா என்று பார்க்க வேண்டும். இணையம் வந்த மகிழ்ச்சியில் தொலைபேசியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

சில நிறுவனங்கள் மாற்றப்பட்ட கருவியை நிரந்தரமாகத் தடைப்பட்டியலில் போட்டுவிடும். அப்படியானால் பழையதைத் திரும்ப ஏற்ற முடியாது, பேச்சின் திசையையே மாற்ற வேண்டும். புதியதை வைத்துக்கொண்டு பழையதை லேபிளோடு அனுப்பி, கோளாறு அடாப்டரில்தான் இருந்தது என்பதைக் காட்டி, விலையைக் குறைக்கக் கேட்பதே மிச்சம். கொடுப்பது அவர்கள் விருப்பம்.

பெட்டி கட்டுதல்

புதிய ரவுட்டரை ஃபேக்டரி ரீசெட் செய்துதான் அனுப்ப வேண்டும். அதில் வைஃபை கடவுச்சொல் மட்டுமா, இணைப்பின் பயனர் பெயரும் இருக்கும். முதலில் ஃபைபரைக் கழற்றிவிட வேண்டும். கம்பியோடு ரீசெட் செய்தால் கருவி எழுந்தவுடன் டிஆர்-069 (ரவுட்டரைத் தொலைவிலிருந்து அமைக்கும் முறை) வழியாக நிறுவனத்தின் சர்வரைத் தொடர்புகொண்டு, அழித்த அமைப்பையே மறுபடி இறக்கிக்கொள்ளலாம். கம்பி இல்லாமல், மின்சாரம் மட்டும் கொடுத்து, ரீசெட் துளையில் ஊசியை 10 முதல் 15 விநாடி வரை அழுத்தி, எல்லா விளக்கும் ஒருசேர அணைந்ததும் விட வேண்டும். மறுபடி எழுந்து, ஸ்டிக்கரில் அச்சிட்ட வைஃபை பெயர் போனில் தெரிந்தால் வேலை முடிந்தது.

பெரிய சபலம் அடுத்தது. வேலை செய்யும் நல்ல அடாப்டர் புதிய பெட்டிக்கு உரியது. பழைய ரவுட்டருக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது. அதை வைத்துக்கொண்டு பழைய அடாப்டரைப் பெட்டியில் போட்டுவிட்டால் என்ன? கிடங்கில் அடாப்டரின் மாடல் எண்ணையும் தயாரிப்புத் தேதியையும் பார்ப்பார்கள். பொருந்தாவிட்டால் முழுத் திருப்புகையையும் ‘உதிரி குறை’ என்று நிறுத்தவோ, பிடித்தம் செய்யவோ செய்யலாம். தெரிந்தே செய்தால் அது நேர்மையும் இல்லை. அதே அளவில் தனி அடாப்டர் ஒன்று வாங்கிப் போட்டு, அது இரண்டு மாலை தாக்குப்பிடித்த பிறகு புதிய பெட்டியை மூடுவதுதான் முறை.

பெட்டிக்குள் போக வேண்டியவை: ரவுட்டர், அதன் அடாப்டர், ஈதர்நெட் கேபிள், ஃபைபர் துளையின் தூசி மூடி, வந்த காகிதங்கள். லேபிளை நிறுவனத்தின் பெட்டி மேலேயே ஒட்டாமல் வெளியே இன்னொரு அட்டைப்பெட்டியில் ஒட்டலாம். மூடுவதற்கு முன் சீரியல் ஸ்டிக்கரும் திருப்புகை லேபிளும் ஒரே சட்டத்தில் தெரியும்படி ஒரு படம், எல்லா உதிரிகளும் தெரிய இன்னொரு படம். கூரியரில் எடை போட்டு ரசீதில் எழுதச் சொல்ல வேண்டும். ‘பெட்டியில் அடாப்டரே இல்லை’ என்று பின்னர் சொன்னால் எடை பேசும். பேட்டரி உண்டா என்று கூரியரில் கேட்டால், வழக்கமான ரவுட்டரில் இல்லை. மின்தடையின்போது ரவுட்டரை ஓட்டும் மினி யுபிஎஸ் சேர்ந்து வந்திருந்தால் மட்டும் அதில் லித்தியம் இருக்கலாம், அதைச் சொல்லியாக வேண்டும்.

திருப்பும் காரணத்தைக் கேட்டால் ‘பழுது’ என்று சொல்லிவிடும் பழக்கம் உண்டு, சுலபமாகப் போகும் என்று நினைத்து. இதனால் பணம் தாமதமாகும். பழுது என்று பதிந்தால் கருவி சோதனை மேசைக்குப் போகும், பழுது இல்லை என்று முடிவு வரும், மாற்றுக் கருவி ஒன்று தானாகக் கிளம்பி வந்தாலும் வியப்பில்லை. உண்மையையே சொல்ல வேண்டும்: தேவைப்படவில்லை, கோளாறு அடாப்டரில் இருந்தது.

பணத்தின் பாதை

கருவி விற்கப்பட்டதா, இரவலாகத் தரப்பட்டதா என்பதை முதல் பில்லிலேயே பார்க்க வேண்டும். விற்பனை என்றால் திருப்பும் காலக்கெடு உண்டு. இரவல் என்றால் கட்டியது வைப்புத்தொகையா, திரும்பக் கிடைக்காத கட்டணமா என்பதைப் பொறுத்தது. தொலைவிலிருந்து வாங்கிய பொருளைக் காரணம் சொல்லாமல் திருப்பும் உரிமை சில இடங்களில் சட்டமாகவே இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமை விதிகளில் அது பொருள் கைக்கு வந்ததிலிருந்து 14 நாள். அங்கே விற்றவர் பொருள் வந்து சேரும்வரையோ, அனுப்பியதற்கான சான்று கிடைக்கும்வரையோ, எது முந்தியதோ அதுவரைதான் பணத்தை நிறுத்திவைக்கலாம். கூரியர் ரசீது வெறும் தாள் அல்ல என்பதற்கு இது நல்ல உதாரணம். எங்கு இருந்தாலும், பெட்டியைத் திறந்து ஓட்டிப் பார்த்ததாலேயே உரிமை போய்விடும் என்று தானாக முடிவுகட்டாமல், ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டும்.

இந்த வீட்டில் 19ஆம் நாளுக்குப் பிறகு நடந்தது மூன்று அழைப்புகள், ஒரு மின்னஞ்சல். அழைப்புகளில் திரும்பத் திரும்ப வந்த பதில்: ‘பார்சல் வந்துடுச்சு, ஆனா சிஸ்டத்துல மேட்ச் ஆகல.’ முடிச்சை அவிழ்த்தது மின்னஞ்சல்தான். ஐந்தே வரிகள்: பழைய சீரியல் நம்பர், அது இப்போது லைனில் இயங்குகிறது; புதிய சீரியல் நம்பர், அது பழையதற்கான லேபிளோடு வந்து கிடங்கில் இருக்கிறது; கூரியர் எண், தேதி, எடை; பெட்டியை மூடுமுன் தற்செயலாக எடுத்திருந்த ஸ்டிக்கர் படம்; கேட்பது இரண்டு, ரவுட்டர் விலையைக் கழிப்பதும் ஒப்படைக்காத கருவிக் கட்டணத்தை நீக்குவதும். தொலைபேசியில் கோபமாகச் சொன்ன பத்து நிமிடங்களைவிட இந்த ஐந்து வரிகளை உள்ளே இன்னொரு துறைக்கு நகர்த்துவது எளிது. பழையது லைனில் இயங்குவதை அவர்களே தங்கள் திரையில் பார்க்க முடியும் என்பதால், அது தொலைந்த கருவி அல்ல என்று மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார்கள். 27ஆம் நாள் கணக்கில் இரண்டு கழிவுகள் தனித்தனியாகப் பதிந்தன.

இடையில் வந்த பில்லை என்ன செய்வது? தானியங்கிக் கட்டணம் போட்டிருந்தால் முழுத் தொகையும் போய்விடும், பிறகு திரும்பி வரும். இல்லையென்றால், சர்ச்சைக்குரிய இரண்டு வரிகளையும் எழுத்தில் மறுத்துவிட்டு, மாதச் சந்தாவை மட்டும் கெடுவுக்குள் கட்ட அனுமதி கேட்க வேண்டும். எதுவும் சொல்லாமல் முழு பில்லையும் நிறுத்திவைத்தால் தாமதக் கட்டணம் சேரும், லைனும் போகும். வங்கி வழியாகப் பணத்தை வலிந்து திரும்பப் பெறுவது கடைசி ஆயுதம். நிறுவனம் அதைப் பாக்கியாகக் கணக்கிட்டு இணைப்பை நிறுத்தக்கூடும்.

கழிவு வந்ததும் தொகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கருவி விலை, அதன் மீதான வரி, அனுப்பிய கட்டணம் என மூன்று பகுதிகள் ஏறியிருக்கும். இறங்குவது பலமுறை முதல் பகுதி மட்டும். இந்த வீட்டிலும் வரி இறங்கவில்லை, இன்னோர் அழைப்பில் சரியானது. அனுப்பிய கட்டணம் திரும்பாது என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. பணம் வங்கிக்கு வருமா, அடுத்த பில்லில் கழியுமா என்பதையும் கேட்டுவைக்க வேண்டும். இணைப்பை விரைவில் விடப்போகிறவருக்கு ‘அடுத்த பில்’ பயன்படாது.

பணத்தைவிட எளிதில் கண்ணுக்குத் தப்புவது ஒப்பந்தக் காலம். மாற்றுக் கருவி ஏற்றபோது குறைந்தபட்சக் காலம் புதிதாகத் தொடங்கியிருக்கலாம். கருவி திரும்பிய பிறகும் அந்தத் தேதி தானாகப் பின்னுக்குப் போகாது. கணக்குப் பக்கத்தில் முடிவுத் தேதியைப் பார்த்து, மாறியிருந்தால் அதையும் எழுத்தில் கேட்டுத் திருத்த வேண்டும். ரசீதும் படங்களும் இரண்டாவது பில் சுத்தமாக வரும்வரை இருக்கட்டும்.

பழைய அடாப்டரை மின்கழிவில் போடும்வரை அதன் மீது ‘கெட்டது’ என்று எழுதி ஒரு டேப் ஒட்டி வைக்க வேண்டும். மல்டிமீட்டரில் 12 வோல்ட் காட்டும் அதை, வீட்டில் யாராவது ஒருநாள் எடுத்து மறுபடி செருகிவிடுவார்கள்.